ஒறம்பறையாக வந்த ஜாம்பவான்கள்

அட்டையில் பெரிய பெரிய பெயர்களை அடுக்கிக்கொண்டு வரும் ஆல்பங்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. கிதாருக்கு இவர், ஹார்மோனிகாவுக்கு அவர், மூன்றாவது பாட்டில் இன்னார் கூடப் பாடுகிறார் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள், வாங்கிக் கேட்டால் நம்ம சினிமாவில் கௌரவத் தோற்றத்தில் வரும் ஹீரோவுக்குத் தனியாக ஒரு பில்டப் ஷாட் வைப்பார்களே, அப்படி எட்டு செகண்டு கிதார் வந்து நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடும், அதற்குள் பாட்டு செத்திருக்கும். அதனால் "பிரபலங்கள் பங்கேற்கும்" என்று எதிலாவது எழுதியிருந்தால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பாடலாசிரியர் பாபி சார்ல்ஸ் 1972ல் பேர்ஸ்வில் ரெக்கார்ட்ஸில் போட்ட ஆல்பம். அவர் பெயரேதான் ஆல்பத்துக்கும் பெயர். பத்தே பாட்டு.

இதில் யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் தலை சுற்றும். 'தி பேண்ட்' என்ற ராக் குழுவிலிருந்து ரிக் டாங்கோ, லெவான் ஹெல்ம், ரிச்சர்ட் மானுவேல், கார்த் ஹட்சன், அதாவது ராபி ராபர்ட்சன் ஒருவரைத் தவிர மொத்தக் கூட்டமும். நியூ ஆர்லியன்ஸிலிருந்து பியானோக்காரரும் பாடகருமான டாக்டர் ஜான். சாக்ஸபோனுக்கு டேவிட் சான்பர்ன், அப்போது அவர் இவ்வளவு பெரிய ஆள் இல்லை. கிதாருக்கு ஏமோஸ் காரெட். நீல் யங்கோடு ஸ்டீல் கிதார் வாசித்த பென் கீத். தயாரிப்பில் பாபியோடு சேர்ந்து ரிக் டாங்கோவும் ஜான் சைமனும். இந்த ஜான் சைமன்தான் பேண்டின் முதல் இரண்டு ஆல்பங்களையும் தயாரித்தவர்.

இவ்வளவு பேர் இருந்தும் ஆல்பம் விற்கவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் எழுதிய ஒரு பாட்டாவது தெரிந்திருக்கும். ராபர்ட் சார்ல்ஸ் கிட்ரி என்பது சொந்தப் பெயர். 1938ல் லூசியானா மாநிலத்தின் தெற்கே ஆபிவில் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கேஜன் இனம், அதாவது பிரெஞ்சு பேசிய மக்கள். பிரிட்டிஷ்காரர்கள் 1755ல் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து இவர்களுடைய முன்னோரைத் துரத்திவிட்டார்கள், அங்கும் இங்கும் அலைந்து கடைசியில் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் வந்து குடியேறினார்கள். வீட்டில் கேஜன் வால்ட்ஸும் அக்கார்டியனும் கேட்டு வளர்ந்த பையன், ரேடியோவில் ஃபேட்ஸ் டொமினோவைக் கேட்டதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான்.

பதினெட்டு வயதுக்குள்ளேயே முதலைக்கு டாட்டா சொல்லும் அந்தப் பாட்டை எழுதிவிட்டார், "சீ யூ லேட்டர் அலிகேட்டர்". பக்கத்து ஊர் க்ரௌலியில் இருந்த ஒரு ரெக்கார்டு கடைக்காரர் மூலமாக சிகாகோவில் செஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனி நடத்திய லியனார்ட் செஸ்ஸுக்குப் போனிலேயே பாடிக் காட்டி ஒப்பந்தம் வாங்கினார். மட்டி வாட்டர்ஸ், சக் பெரி எல்லாம் இருந்த கம்பெனி அது. குரலைக் கேட்டு இவரைக் கறுப்பினப் பாடகர் என்றே நினைத்துக்கொண்டிருந்த செஸ், நேரில் வந்து நின்ற வெள்ளைக்காரப் பொடியனைப் பார்த்துத் திகைத்துப் போனாராம். 1956ல் பில் ஹேலி அதே பாட்டைப் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டார். எழுதியவனை விட பாடியவனுக்குப் பேர், இது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

1960ல் ஃபேட்ஸ் டொமினோ பாடிய "வாக்கிங் டு நியூ ஆர்லியன்ஸ்" இவர் எழுதியது. நியூ ஆர்லியன்ஸுக்கு வாயேன் என்று டொமினோ கூப்பிட, போக வண்டி இல்லாத பாபி, வர வேண்டுமென்றால் நடந்துதான் வரணும் என்றாராம். ஆபிவில்லிலிருந்து அங்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பாட்டு முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் கிளாரன்ஸ் ஹென்றிக்கு "பட் ஐ டூ". ஃபாரஸ்ட் கம்ப் படத்தில் வரும். இந்தக் கிளாரன்ஸ் ஹென்றிக்குத் தவளைக்காரன் என்று பட்டப்பெயர், தவளைக் குரலில் பாடி ஹிட் கொடுத்தவர். முதலை, தவளை என்று இவர்கள் ஊர் ஈரம் இவர்களை விடவே இல்லை பாருங்கள்.

இத்தனைக்கும் பாபி சார்ல்ஸுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. நோட்டேஷன் எழுதவும் தெரியாது. எல்லாம் மண்டைக்குள்தான். மெட்டும் வரியும் ஒன்றாகவே வரும், யாராவது வாத்தியக்காரரிடம் பாடிக் காட்டுவார், அதற்குப் பொருந்தும் சுரக் கூட்டுகளை, அதாவது கார்டுகளை, அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நம் பக்கம் அண்ணன்மார் கதை பாடும் உடுக்கைக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமாகப் படாது, ஒரு ராத்திரிக்கு ஆகும் சரக்கு மொத்தத்தையும் அவர்கள் எழுதியா வைத்திருக்கிறார்கள்?

சரி, உட்ஸ்டாக். டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஒரு கஞ்சா வழக்கில் மாட்டிக்கொண்டு, தலைமறைவாக வடக்கே போனவர் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற ஊரில் போய் இறங்கினார். (1969ல் நடந்த பெரிய திருவிழா அந்த ஊர் பெயரில் நடந்ததே தவிர அங்கே நடக்கவில்லை, அது பெத்தெல் என்ற வேறு ஊர்.) உட்ஸ்டாக்கில் அப்போது எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு இசைக்காரர் திறப்பார். பாப் டிலன், பேண்ட், ஜானிஸ் ஜாப்ளின் எல்லாரையும் மேனேஜ் செய்த ஆல்பர்ட் கிராஸ்மன் பக்கத்திலேயே பேர்ஸ்வில்லில் ஸ்டுடியோவும் லேபிளும் வைத்திருந்தார். வழக்குக்குப் பயந்து ஒளிய வந்த இடத்தில் இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் வேறென்ன செய்வது, ரெக்கார்டு போட்டார்.

இப்போது ஆல்பம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். முதல் பாட்டு ஆரம்பித்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும், யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. டிரம்ஸில் ஸ்னேர் அடி விழ வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் பின்னால் விழும். பேஸ் கிதார் அதைவிடச் சோம்பேறி. ஆர்கன் அடியில் ஈரமாகப் பரவிக்கொண்டே இருக்கும், கிதார் எப்போதாவது ஒரு வாக்கியம் பேசிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும். மேலே பாபியின் குரல், பாடுகிறாரா பேசுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல், மூக்கும் தொண்டையும் பாதிப் பாதி. சதுப்பு நில ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று இதைச் சொல்வது வெறும் ஊர் அடையாளத்துக்காக இல்லை, கால் வைத்தால் உள்ளே போய், இழுத்து எடுத்து அடுத்த காலை வைக்கிற நடை அதில் நிஜமாகவே இருக்கிறது.

கோயில் நோம்பியில் ஜமாப் மேளம் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஜமாப்பில் அடி சரியான இடத்தில், சில சமயம் அதற்கு முன்னாலேயே வந்து நெஞ்சில் இடிக்கும். அதனால் இந்த ஆல்பம் எனக்கு முதலில் ஒட்டவில்லை. திருப்பூரிலிருந்து கோபிக்குக் காரில் போகும்போது போட்டுவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமன் மகன் ரெண்டு பாட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங் மாப்ள, இந்த ஆளு படுத்துட்டே பாடறானுங்களா?" என்றான். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை படித்ததில்லை. ஆமாம், படுத்துக்கொண்டேதான் பாடுகிறார். அதில்தான் சுகமே இருக்கிறது.

அந்தச் சாலையும் இதற்குப் பொருத்தம்தான். திருப்பூர், ஊத்துக்குளி, பெருந்துறை எல்லாம் காய்ந்த காடு, வேலிமுள்ளும் பனையுமாகவே போய்க்கொண்டிருக்கும், கோபியை நெருங்கும்போது கொடிவேரி அணையின் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம் வந்துவிடும், சட்டென்று இரண்டு பக்கமும் பச்சை, நெல்வயல், தென்னை, காற்றே மாறிவிடும். ஆபிவில், க்ரௌலி வட்டாரமும் நெல் விளையும் பூமி. அங்கே அறுப்பு முடிந்ததும் வயலில் மறுபடி தண்ணீர் கட்டி கிராஃபிஷ் வளர்ப்பார்கள், நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் ஒரு ஜந்து அது. நம் வயலில் வரப்பை ஓட்டை போடும் நண்டைப் பிடித்து ரசம் வைப்பதோடு சரி. நெல்வயல் இருக்கும் ஊர்க்காரன் எல்லாருக்கும் இந்த இசை பிடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, என் மாமன் மகன் பச்சை வந்த பிறகும் அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தான்.

முதல் பாட்டு "ஸ்ட்ரீட் பீப்பிள்". வேலைக்குப் போகாமல் தெருவில் திரியும் ஆட்களின் பாட்டு. வேலை செய்யப் பிரியப்படுகிறவர்களும் இருந்துவிட்டுப் போகட்டும், அவர்களும் தேவைதான் என்று பெருந்தன்மையாக ஒரு அனுமதி கொடுக்கிறார். ஷிப்மெண்ட் நெருங்கினால் ராத்திரி ஒரு மணிக்கும் தையல் மெஷின் ஓடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது. எங்கள் பக்கம் சும்மா இருப்பது கிட்டத்தட்ட குற்றம். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே பையன் என்ன பண்றானுங்க என்பதுதான்.

இன்னொரு பாட்டு "ஸ்மால் டவுன் டாக்", ரிக் டாங்கோவும் பாபியும் சேர்ந்து எழுதியது. டாங்கோ பிறகு 1977ல் தன் தனி ஆல்பத்திலும் பாடினார். சின்ன ஊரில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் பேசும் பேச்சு, கேட்டதையெல்லாம் நம்பிவிடாதே என்று காதலியிடம் சொல்லும் பாட்டு. உட்ஸ்டாக்கை நினைத்து எழுதியிருக்கலாம், ஆபிவில்லை நினைத்து எழுதியிருக்கலாம், எனக்கென்னவோ கொங்குநாட்டில் ஏதாவது ஒரு பேக்கரி வாசலில் நின்று எழுதினது மாதிரி இருக்கிறது. இங்கே பேக்கரி என்றால் கேக் வாங்கும் இடம் இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பொழுதோட ஒரு டீயும் தேங்காய் பன்னும் கையில் வைத்துக்கொண்டு எவன் காடு விற்றான், எவன் வீட்டுப் பொண்ணு யாரோடு வண்டியில் போனது, எவனுக்குப் பேங்கில் நோட்டீஸ் வந்தது என்று ஒரு மணி நேரம் ஞாயம் பேசும் இடம். பேசுகிறவர்களிடம் கெட்ட எண்ணம்கூட இருக்காது, அதுதான் கொடுமை. பாபியும் அந்தப் பாட்டில் யாரையும் திட்டவில்லை. கோபம் இல்லாமல், தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற மாதிரி பாடுகிறார், பின்னால் வாசிக்கிறவர்களும் தோளைக் குலுக்குகிறார்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு ஆவேசமான கிதார் சோலோ போட்டிருந்தால் நாசமாகியிருக்கும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். கல்யாணத்துக்கு வரும் ஒறம்பறையில், அதாவது உறவுக்காரர்களில், ரெண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யார் தன்னைக் கவனித்தார்கள், யார் கவனிக்கவில்லை என்று கணக்கு வைக்கும். இன்னொரு ரகம் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராகக் காய் நறுக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடும், பந்தியில் ரசவாளி தூக்கும், ஊரில் பெரிய மனுசன் என்று பார்த்தால் தெரியாது. இந்த ஆல்பத்தில் எல்லாரும் ரெண்டாவது ரகம். டிரம்ஸே எடுத்துக்கொள்ளுங்கள், லெவான் ஹெல்ம், என்.டி. ஸ்மார்ட், பில்லி முண்டி என்று மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஹெல்மைத் தேடித்தான் இந்த ஆல்பத்துக்கே வந்தேன், அப்படி வந்தும் காதால் கேட்டு இது அவர்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த அளவுக்குத் தன்னை மறைத்துக்கொள்வது சாதாரண வேலையா? ஏமோஸ் காரெட் அடுத்த வருஷம் மரியா மல்டாரின் "மிட்நைட் அட் தி ஒயாசிஸ்" பாட்டில் வாசித்த சோலோவை இன்றுவரைக்கும் கிதார் பசங்கள் பாடம் மாதிரி படிக்கிறார்கள். இங்கே அவர் கம்பியை வளைத்து ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இதோடு ஒப்பிட டாக்டர் ஜானின் "தி சன், மூன் அண்ட் ஹெர்ப்ஸ்" இருக்கிறது, 1971ல் வந்தது. அதிலும் விருந்தாளிகள் ஏராளம், எரிக் கிளாப்டன் கிதார், மிக் ஜாகர் பின்னணிக் குரல். அதுவும் சதுப்பு நில இசைதான், ஆனால் ராத்திரி நேரத்துச் சதுப்பு, மந்திரமும் புகையும் அதிகம், யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. நல்ல ஆல்பம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் வீட்டில் போட்டால் எங்கம்மா "யாருக்குடா செய்வினை வெக்கறாங்க?" என்று கேட்பார். பாபியின் சதுப்பு பகல் நேரத்துச் சதுப்பு, மீன் பிடிக்கத் தூண்டிலோடு போய் மீன் கிடைக்காவிட்டாலும் கவலைப்படாத ஆள் உட்கார்ந்திருப்பது.

"ஐ மஸ்ட் பீ இன் எ குட் பிளேஸ் நௌ" என்ற பாட்டில் காட்டு ஆப்பிள் மரங்கள் பூத்திருப்பதைப் பாடுகிறார். லூசியானாக்காரனுக்கு ஆப்பிள் பூ எங்கே தெரியும், உட்ஸ்டாக் வந்த பிறகு பார்த்ததாகத்தான் இருக்கும். இப்படி ஒரு நிம்மதியை யாராவது பாடினால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிடும், இதில் ஆகவில்லை, ஓடி ஒளிந்து வந்தவன் பாடுகிறான் என்று தெரிந்துகொண்டு கேட்பதாலோ என்னவோ. "க்ரோ டூ ஓல்ட்" பழைய பாட்டு, வயசாவதற்குள் இதையெல்லாம் செய்துவிட வேண்டும் என்று பட்டியல் போடுவது, ஃபேட்ஸ் டொமினோ 1960லேயே பாடிவிட்டார். 'தி கிளாஷ்' குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் இறந்த பிறகு 2003ல் வெளிவந்த அவருடைய ஆல்பத்தில் வேறு தலைப்போடு இதே பாட்டு வந்தது, ஐம்பது வயதில் போன மனுசன் பாடினதாக அதைக் கேட்பது தனி அனுபவம்.

எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். "லெட் யுவர்செல்ஃப் கோ" கொஞ்சம் திகட்டுகிறது. "ஆல் தி மணி" சுவாரஸ்யமான யோசனை, எல்லாமே ஒருத்தன் கையில் இருக்கிறது என்ற புலம்பல், ஆனால் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த ரெண்டையும் நான் தாண்டிப் போய்விடுவது உண்டு.

கடைசிப் பாட்டைத் தாண்டவே மாட்டேன். "டென்னசி ப்ளூஸ்". கவலை எல்லாம் மறந்து போகிற மாதிரி ஒரு இடம் கிடைக்காதா என்று ஏங்கும் பாட்டு, பெயரில் இருப்பது இவர் தப்பி ஓடிவந்த டென்னசி, தாளமோ சொந்த ஊர் கேஜன் வால்ட்ஸ், ஒன்று ரெண்டு மூணு, ஒன்று ரெண்டு மூணு. கார்த் ஹட்சன் அக்கார்டியன் வாசிக்கிறார். கனடாக்காரர் அவர், ஆர்கனில் வித்தையெல்லாம் காட்டக்கூடியவர், பேண்டின் மற்ற எல்லாரையும்விட முறையாக இசை படித்தவர். அப்படிப்பட்டவர் இங்கே ஆபிவில் கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு கிழவர் மாதிரி வாசித்திருக்கிறார், எங்கேயும் ஒரு சுரம்கூட அதிகம் இல்லை. நண்பனுக்கு அவன் ஊரைக் கொண்டுவந்து கொடுப்பது என்றால் இப்படித்தான் கொடுக்க வேண்டும்.

விற்காத கதைக்கு வருவோம். பாபிக்கு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதில் விருப்பமே இல்லை. மேடை பிடிக்காது, பேட்டி பிடிக்காது. கிராஸ்மனோடும் ஒத்துப்போகவில்லை. லூசியானாவுக்கே திரும்பிப் போய்விட்டார், அடுத்த ஆல்பம் வெளிவர பல வருஷம் ஆனது. 1976 நவம்பரில் பேண்டின் பிரியாவிடைக் கச்சேரிக்கு டாக்டர் ஜானோடு வந்து பாடினார், அந்தப் பாட்டு ரெக்கார்டில் உண்டு, ஸ்கார்செசி எடுத்த படத்தில் இல்லை. படத்தில் கடைசியாக எல்லாரும் கூடி நின்று பாடும் இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார், தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும். பாட்டுகளின் ராயல்டி வந்துகொண்டிருந்ததால் பிழைப்புக்குக் கஷ்டம் இல்லை போல, ஆனால் வீட்டு ராசி சரியில்லை. ஒரு வீடு தீயில் போனது. அப்புறம் கடற்கரையில் ஹாலி பீச்சில் இருந்த வீட்டை 2005ல் ரீட்டா புயல் கொண்டுபோனது. 2010 ஜனவரியில் ஆபிவில்லிலேயே காலமானார்.

வாசித்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள், மானுவேல் 1986ல், டாங்கோ 1999ல், ஹெல்ம் 2012ல், டாக்டர் ஜான் 2019ல், சான்பர்ன் 2024ல், கடைசியாக 2025 ஜனவரியில் கார்த் ஹட்சன். ஹட்சன் போன செய்தி வந்த அன்றைக்கு எல்லாரும் பேண்டின் பெரிய பாட்டுகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள், நான் இந்த அக்கார்டியனைத்தான் போட்டேன்.

கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ரெண்டு விஷயம். 2004ல் பாபி போட்ட "லாஸ்ட் டிரெய்ன் டு மெம்பிஸ்" இரட்டை ஆல்பத்திலும் நீல் யங், வில்லி நெல்சன், ஃபேட்ஸ் டொமினோ என்று விருந்தாளிகள் உண்டு, நன்றாகவே இருக்கும், ஆனால் 1972 ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அதற்குப் போங்கள். அப்புறம், தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த ஆல்பத்தின் பாதி பேஸ் கிதாரிலும் அந்த ஆர்கனின் அடி ஈரத்திலும் இருக்கிறது, போனில் அது மொத்தமும் வடிந்துபோய் வெறும் மூக்குக் குரல் மட்டும்தான் மிஞ்சும், அப்புறம் என் மாமன் மகன் கேட்ட அதே கேள்வியை நீங்களும் என்னிடம் கேட்பீர்கள்.